வன்வட்டில் இல்லாத பழுது

பழுதுபார்க்கும் முறை தவறாக இருந்து, அது பலிக்காமலும் போனால், யாராவது உட்கார்ந்து மறுபடி யோசிப்பார்கள். தவறான முறை பலித்துவிட்டால்தான் சிக்கல். அதன் பிறகு கேள்வி எழுவதில்லை, அடுத்து வரும் கணினிக்கும் அதையே செய்கிறார்கள், சில ஆண்டுகளில் அது ஊரறிந்த உண்மையாகிவிடுகிறது. புதிய இயங்குதளம் நிறுவிய பிறகு மடிக்கணினி திறக்கவில்லை என்றால் ‘முழுதாக ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்வது அப்படிப்பட்ட ஓர் உண்மையாக நம்மிடையே நிலைத்துவிட்டது. பெரும்பாலான சமயங்களில் ஃபார்மட் போட்ட பிறகு கணினி திறக்கவும் செய்கிறது. ஆனால் அழிக்கப்பட்ட வன்வட்டில் பழுதே இருந்திருக்காது என்பதும், பழுது வேறிடத்தில் இருந்தது என்பதும் அதன் பிறகு யாருக்கும் தெரிய வழியில்லாமல் போகிறது. அண்ணன் வீட்டு மடிக்கணினி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். தென்காசியில் தமிழாசிரியராக இருக்கும் என் மதினியின் மடிக்கணினி ஏழாம் தலைமுறைச் செயலி கொண்டது. விசைப்பலகை, திரை, நினைவகம் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளைத் தூக்கிப்போட மதினிக்கு மனமில்லை. பொறியியல் படிக்கும் அண்ணன் மகன் அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 நிறுவலாம் என்றான், நானும் சரி என்றேன். விண்டோஸ் இருந்த சி டிரைவையும் அதன் முன்னும் பின்னும் இருந்த சிறிய பார்ட்டிஷன்களையும், அதாவது வட்டின் பிரிவுகளையும், நீக்கிவிட்டு, டி டிரைவை மட்டும் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. டி டிரைவில் பல ஆண்டு வினாத்தாள்களும், பள்ளி ஆண்டு மலருக்கான கட்டுரைகளும், சுற்றுவட்டார அம்மன் கோயில் கொடைகளில் மதினி தம் கைப்பேசியில் பதிவுசெய்து சேர்த்த வில்லுப்பாட்டுகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதிக்கு வேறு நகல் கிடையாது.

பையன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தான். நிறுவல் முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுமாறு நிறுவி சொன்னது, அவனும் அப்படியே செய்தான். கறுப்புத் திரையில், தொடங்கத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே வரிதான். பள்ளியில் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் மதினி காத்திருக்க முடியாமல் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கே இருந்தவர் அதை இயக்கிப் பார்த்துவிட்டு, “ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் டீச்சர், இல்லேன்னா லினக்ஸ் போட்டதால வந்த வினை. முழுசா ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாரேன், நாளைக்கு வந்து வாங்கிக்கிடுங்க” என்று சொல்லியிருக்கிறார். மதினி எனக்குத் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, டி டிரைவுல இருக்கதெல்லாம் போயிருமா?”

கணினியைத் திரும்ப வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள், நான் வருகிறேன் என்றேன். அந்த வார இறுதியில் பொதிகை ரயிலில் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்னை உறுத்தியது கடைக்காரர் சொன்ன தீர்வைவிட, அவர் அதைச் சொன்ன வேகம். வன்வட்டைத் திறந்து பார்க்காமலே அதை அழிப்பதென்று முடிவுசெய்ய முடிகிறது. அந்த முடிவில் அவருக்குத் துளியும் தயக்கமில்லை. இதற்கு முன்னும் அது பலமுறை பலித்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

திறக்காத கணினியைத் திறப்பது

திறக்காத மடிக்கணினியை முதலில் வேறொரு வழியில் திறந்துவிட வேண்டும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயங்கக்கூடிய லைவ் பதிப்பு டெபியனுக்கு உண்டு. அதைச் செருகி, தொடக்கப் பட்டியலில் தேர்ந்தெடுத்ததும் சிறிது நேரத்தில் மேசைத்தளம் வந்துவிட்டது. செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை ஆகிய நான்கையும் பற்றிய கவலை அந்த நொடியிலேயே தீர்ந்தது. அடுத்து வன்வட்டு. ஸ்மார்ட் என்று சொல்லப்படும் தன்னாய்வுக் குறிப்பேட்டை வன்வட்டு தானே எழுதிவருகிறது. அதை வாசிக்க ஒரே கட்டளை போதும். கெட்டுப்போய் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள் எனப்படும் வட்டின் சிறு கூறுகளின் எண்ணிக்கையும், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையும் பூஜ்யம் என்று வந்தன. இந்தக் குறிப்பேடு எல்லாப் பழுதையும் முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்’ என்று ஒருவர் சொல்வதற்கு முன் இந்த இரண்டு எண்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமாகாது.

பிறகு டி டிரைவை ‘வாசிக்க மட்டும்’ என்ற முறையில் இணைத்தேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். என்ன பழுது என்று தெரியாத நிலையில் தரவு இருக்கும் பகுதியில் ஒரு பைட்டும் எழுதக்கூடாது. கோப்புறைகள் வரிசையாகத் திறந்தன. மதினி ஒரு வில்லுப்பாட்டைப் போடச் சொன்னார், பாடியது. இரண்டு, மூன்று ஆண்டுக்கு முந்தைய வினாத்தாள்களைத் திறந்து பார்த்தார், எழுத்து உடையாமல் இருந்தன. முழுவதையும் வெளி வன்வட்டு ஒன்றுக்கு நகலெடுக்கப் போட்டுவிட்டு, அது முடியும்வரை வேறு எதையும் தொடவில்லை. கணினி திறக்காததற்கும் தரவு அழிவதற்கும் தொடர்பே இல்லை என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இப்படிக் கண்ணால் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் குறியாக்கப் பூட்டு போடப்பட்ட கணினியாக இருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இல்லாமல் இப்படித் திறக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய இயங்குதளம் பற்றி யோசிக்கும் முன்னரே அந்தத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மதினியின் கணினியில் நல்லவேளையாக அந்தப் பூட்டு இல்லை.

நகல் முடிந்ததும் டெபியன் நிறுவப்பட்ட பகுதியையும் இணைத்துப் பார்த்தோம். இயங்குதளத்தின் மையமான கர்னல் இருந்தது, பையன் கொடுத்த பயனர் பெயரில் வீட்டு அடைவு இருந்தது, கிரப் என்னும் தொடக்க நிரலின் அமைப்புக் கோப்பும் சரியாக எழுதப்பட்டிருந்தது. வன்வட்டின் முதலில், தொடக்க நிரல்களுக்கென ஒதுக்கப்பட்ட சிறிய இஎஃப்ஐ பகுதியில் டெபியன் என்ற பெயரில் ஒரு கோப்புறையும், அதனுள் கிரப்பும், அதைச் சோதித்துத் தொடங்கும் ஷிம்மும் ஆகிய இரண்டு நிரல்களும் இருந்தன. அதாவது நிறுவலில் எந்தக் குறையும் இல்லை, வன்வட்டில் எழுதப்பட வேண்டிய எல்லாம் எழுதப்பட்டிருந்தன. இருந்தும் கணினி அதைக் காணவில்லை.

இரண்டு இடங்களில் எழுதப்படும் ஒரு செய்தி

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. ஐபிஎம் தனிக் கணினியில் வன்வட்டிலிருந்து தொடங்கும் முறை 1983-இல் அன்றைய இயங்குதளமான டாஸின் இரண்டாம் பதிப்போடு வந்தபோது, வன்வட்டின் முதல் செக்டரான 512 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கினார்கள். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் அந்த முதல் செக்டரை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதன் கையில் ஒப்படைத்துவிடும். அங்கே என்ன இயங்குதளம் இருக்கிறது, எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதெல்லாம் பயாஸுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எதைத் தொடங்குவது என்ற செய்தி முழுக்க வன்வட்டிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் அது கெட்டுப்போனால் வன்வட்டில் மறுபடி எழுதினால் போதும். ஃபார்மட் போடும் வழக்கம் உருவானதும் அந்தக் காலத்தில்தான். அன்றைக்கு அது ஓரளவு பொருத்தமான வழக்கம்.

இன்டெல் தன் இட்டானியம் கணினிகளுக்காக உருவாக்கிய இஎஃப்ஐ என்னும் தொடக்க முறை, 2005 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு மன்றத்தின் பொறுப்பில் யூஇஎஃப்ஐ என்ற தரநிலையாக வளர்ந்தது. பயாஸின் இடத்தை அது பிடித்தபோது அந்தச் செய்தி இரண்டாகப் பிரிந்தது. தொடக்க நிரல் வன்வட்டின் இஎஃப்ஐ பகுதியில் ஒரு கோப்பாக இருக்கிறது. அந்தக் கோப்பு எந்த வட்டில், எந்தப் பகுதியில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் இருக்கிறது என்ற குறிப்பும், இப்படிப்பட்ட குறிப்புகளில் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையும் மதர்போர்டில் உள்ள சிறிய நிலைநினைவகத்தில் இருக்கின்றன. ஊரில் வீடும் வீட்டுக்குள் ஆட்களும் இருக்க, தபால்காரரின் ஏட்டில் மட்டும் அந்த விலாசம் விடுபட்டுப்போனால் கடிதம் எப்படி வராதோ, அப்படித்தான் இங்கும். வன்வட்டில் எல்லாம் சரியாக இருந்தும், போர்டின் ஏட்டில் ஒரு வரி இல்லாவிட்டால் கணினிக்கு அந்த இயங்குதளம் இல்லை. ஃபார்மட் என்பது வன்வட்டை அழிக்கும் வேலை, போர்டில் உள்ள ஏட்டை அது தொடுவதே இல்லை.

அந்த ஏட்டை வாசிக்க லினக்ஸில் இஎஃப்ஐ பூட் மேனேஜர் என்னும் சிறு கருவி இருக்கிறது. லைவ் பதிப்பைப் பழைய பயாஸ் முறையில் திறந்திருந்தால் அது வேலை செய்யாது, யூஇஎஃப்ஐ முறையில்தான் திறந்திருக்க வேண்டும். பலர் இங்கேயே தடுமாறிவிடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். நாங்கள் சரியான முறையில்தான் திறந்திருந்தோம், பட்டியல் வந்தது. அதில் நான் கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி இருந்தது, வலையமைப்பு வழியாகத் தொடங்குவதற்கு ஒரு வரி இருந்தது, டெபியனுக்கு வரியே இல்லை. அந்த வன்வட்டில் விண்டோஸ் இல்லை, விண்டோஸின் தொடக்கக் கோப்பு இருந்த பகுதியே இல்லை. ஆனாலும் அதற்கான வரி போர்டில் அப்படியே நின்றது. நல்ல நிலையில் நிறுவப்பட்டு, எழுப்பப்படக் காத்திருக்கும் இயங்குதளத்துக்கு ஒரு வரி கிடையாது.

காரணம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அந்தக் கருவியைக் கொண்டே டெபியனுக்கு ஒரு வரி சேர்த்து, வரிசையில் முதலிடத்தில் வைத்தோம். திரும்பப் பட்டியலிட்டபோது அது முதலிடத்தில் இருந்தது. மறுதொடக்கம் செய்தோம். அதே கறுப்புத் திரை, அதே செய்தி. லைவ் பதிப்பில் நுழைந்து பட்டியலைப் பார்த்தால், சேர்த்த வரி காணாமல் போயிருந்தது. மறுபடி சேர்த்தாலும் மறுபடி போனது. அமைப்புத் திரைக்குள் சென்று கையால் ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா என்று தேடினோம், அந்த மாதிரியில் அப்படி ஒரு வசதியே வைக்கப்படவில்லை. போர்டின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஏதும் வெளியாகியிருக்கிறதா என்று தேடினோம், அதுவும் இல்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் தனக்குத் தெரியாத வரிகளைப் போர்டே துடைத்துவிட்டு, தான் எதிர்பார்க்கும் ஒரே பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பயனர் சேர்க்கும் வரிகளையும் அவர் வைக்கும் வரிசையையும் மதிப்பதற்காகத்தான் தரநிலை அவற்றை வரையறுத்திருக்கிறது. விண்டோஸோடு விற்பதற்காகத் தயாரித்து, விண்டோஸோடு மட்டும் சோதித்து, அதோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவைத்த ஒன்றாகவே போர்டின் மென்பொருளை எண்ண முடிந்தது.

பையன் கேட்ட கேள்வி

சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் பையன் ஒன்று கேட்டான். “சித்தப்பா, இந்த பென் டிரைவைப் பத்தி போர்டுல எந்த வரியும் நாம எழுதலையே, அது மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் திறக்குது?”

இந்த விவகாரம் முழுவதும் திரும்பியது அந்தக் கேள்வியில்தான். முன்பின் பார்த்திராத பென் டிரைவைக் கணினியில் செருகுகிறோம். போர்டு அதைத் திறந்து, தொடக்க நிரலை எடுத்து ஓட்டுகிறது. ஏட்டில் வரி இல்லாத ஒன்றைத் திறக்க அதற்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள். அந்த வழியைத் தரநிலையே வகுத்திருக்கிறது. கழற்றி மாட்டும் சாதனங்களுக்கு முன்கூட்டி வரி எழுதி வைக்க முடியாது என்பதால், இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு என்று நிலையான இடம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எந்த வரியும் உதவாதபோது போர்டு கடைசியாக அந்த இடத்தில் தேடிப் பார்க்கும். பென் டிரைவில் அந்தக் கோப்பு இருந்தது. வன்வட்டின் இஎஃப்ஐ பகுதியில் அது இல்லை, டெபியனின் சொந்தக் கோப்புறை மட்டும் இருந்தது.

டெபியன் ஏன் அங்கே எழுதுவதில்லை என்பதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு. அந்த இடம் ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் பொதுவானது. ஒரே வட்டில் வேறொரு இயங்குதளம் அந்த இடத்தை நம்பி இருந்தால், டெபியன் அங்கே தன் நிரலை வைப்பது அதைத் திறக்கவிடாமல் செய்துவிடும். அதனால் கேட்காமல் வைப்பதில்லை என்று டெபியன் உருவாக்குநர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் போர்டுகளில் அது சரியான முடிவு. ஒழுங்கற்ற போர்டுகளுக்காக ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள்: நிறுவியின் மீட்பு முறையிலேயே கிரப்பை அந்தப் பொது இடத்திலும் வைக்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது. விண்டோஸ் நிறுவி கேட்காமலே தன் சொந்தக் கோப்புறையிலும் அந்தப் பொது இடத்திலும் என இரண்டிலும் வைத்துவிடுகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட போர்டுகளில் விண்டோஸ் எப்போதும் திறக்கிறது, போர்டின் குறை வெளியே தெரியாமலே போகிறது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது சிறிய வேலைதான். லைவ் பதிப்பிலிருந்து டெபியனின் மூலப் பகுதியை ஓரிடத்தில் இணைத்து, அதன் பூட் அடைவுக்குள் இஎஃப்ஐ பகுதியையும் உரிய இடத்தில் இணைத்து, கருவிகள், செயல்கள், கணினி நிலை ஆகியவற்றுக்கான மூன்று அடைவுகளையும் சேர்த்துக் கட்டி, நிறுவப்பட்ட டெபியனுக்குள்ளேயே நுழைந்தோம். அங்கிருந்து கிரப்பை நிறுவும் கட்டளையை, பொது இடத்திலும் வை என்ற கூடுதல் தெரிவோடு பையனே கொடுத்தான். நம்பகமான கையொப்பம் இல்லாத தொடக்க நிரலை ஓடவிடாத செக்யூர் பூட் அணைக்கப்படவில்லை. அணைக்கத் தேவையும் இல்லை. மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் நிரல்தான் அந்தப் பொதுப் பெயரில் போய் உட்கார்கிறது, அது டெபியனின் கையொப்பம் உள்ள கிரப்பைச் சோதித்துத் தொடங்குகிறது, 2019-இல் வந்த டெபியன் 10 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பென் டிரைவை உருவிவிட்டு மறுதொடக்கம் செய்தோம். கிரப்பின் பட்டியல் வந்தது, பிறகு டெபியனின் உள்நுழைவுத் திரை வந்தது. மதினி கடவுச்சொல்லை அடித்து உள்ளே போய், முதல் வேலையாக டி டிரைவைத் திறந்தார்.

பலித்திருக்கக்கூடிய தவறு

கடையில் அந்தக் கணினியை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். வன்வட்டு முழுவதும் அழிக்கப்பட்டு, விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கும். விண்டோஸ் நிறுவி பொது இடத்திலும் தன் கோப்பை வைத்திருக்கும். போர்டு தான் எதிர்பார்த்த பெயரைக் கண்டு, உடனே திறந்திருக்கும். ஃபார்மட்தான் சரிசெய்தது என்று கடைக்காரர் உறுதியாக நம்பியிருப்பார். லினக்ஸ் போட்டதால்தான் கெட்டது என்று மதினி நம்பியிருப்பார். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகப் பையன் நம்பியிருப்பான், இனி யாருடைய கணினியையும் தொடத் தயங்கியிருப்பான். மூன்று நம்பிக்கைகளும் பொய். ஆனால் மூன்றுக்கும் கண்முன்னே சான்று இருந்திருக்கும், அவற்றை மறுக்கக்கூடிய ஒரே தடயமும் ஃபார்மட்டோடு அழிந்துபோயிருக்கும். வில்லுப்பாட்டுகள் போயிருக்கும் என்பது பெரிய இழப்புதான். ஆனால் எந்தக் குறையும் செய்யாத ஒரு பையன் குற்றவாளியாக நின்றிருப்பான் என்பது எனக்கு அதைவிடக் கனமாகத் தோன்றுகிறது.

இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் கதை அல்ல. 2013-இன் தொடக்கத்தில் சில சாம்சங் மடிக்கணினிகள் லினக்ஸைத் தொடங்கியதும் அடியோடு செயலிழந்துபோயின. முதலில் எல்லோரும் லினக்ஸின் ஓர் இயக்கி நிரலைத்தான் குற்றம் சொன்னார்கள். போர்டின் நிலைநினைவகத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழுதினாலே அந்தக் கணினிகள் எழுந்திருப்பதில்லை என்பதையும், விண்டோஸிலிருந்து ஒரு சிறு நிரலை ஓட்டியும் அதே கேட்டை உண்டாக்க முடியும் என்பதையும் லினக்ஸ் வல்லுநரான மேத்யூ காரெட் செய்து காட்டிய பிறகுதான் பழி சரியான இடத்துக்குப் போனது. மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2017 டிசம்பரில், இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 17.10-இன் கர்னலில் இருந்த ஓர் இன்டெல் இயக்கி, சில மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாதபடி செய்துவிட்டது; பதிவிறக்கத்தையே நிறுத்திவைத்து, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். அங்கே குறை லினக்ஸின் பக்கம்தான். 2024 ஆகஸ்டில் விண்டோஸின் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று பழைய ஷிம் நிரல்களைத் தடைசெய்யும் குறிப்பைப் போர்டில் எழுதியது. இரண்டு இயங்குதளமும் வைத்திருந்த பலருடைய லினக்ஸ், பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு நின்றுபோனது. மூன்று நிகழ்வுகளிலும் குறைக்குக் காரணமானவர் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் கோளாறு உட்கார்ந்திருந்த இடம் போர்டு. வன்வட்டை எத்தனை முறை அழித்திருந்தாலும் அந்தக் குறிப்புகளில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய மேசையில் வரிசையாகக் கணினிகள் காத்திருக்கின்றன. ஃபார்மட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஊரில் நிலைத்திருக்கிறது. உட்கார்ந்து காரணம் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு எவரும் பணம் கொடுப்பதில்லை. ‘திறந்து பார்த்தேன், வன்வட்டில் ஒன்றும் குறையில்லை’ என்று சொல்லிக் கட்டணம் கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். காரணம் தேடுவதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ளாத வரை கடைகளில் இந்த வழக்கம் மாறாது. எனக்குக் கோபம் வருவது தயாரிப்பாளரின் மேல்தான். விலை கொடுத்து வாங்கியவர் தன் கணினியில் எந்த இயங்குதளத்தை வைப்பது என்று முடிவுசெய்து எழுதும் ஒரு வரியை, அவரிடம் சொல்லாமலே துடைத்துவிடும் மென்பொருளை விற்பது பொறுப்பற்ற செயல். பத்து ஆண்டு உழைக்கக்கூடிய ஒரு பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு இப்படி ஒரு சிறு அலட்சியம் போதுமானதாக இருக்கிறது. விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்த பிறகு இப்படி எத்தனை பழைய போர்டுகளில் புது இயங்குதளங்கள் நிறுவப்படுகின்றனவோ, அத்தனை வீடுகளிலும் இந்தக் கறுப்புத் திரை வரக்கூடும்.

கிளம்புவதற்கு முன் பையன் இன்னொரு கேள்வி கேட்டான். புதுப்பிப்புகள் வந்து கிரப் மாறும்போது டெபியன் தன் சொந்தக் கோப்புறையில் மட்டும்தானே புதியதை வைக்கும், பொது இடத்தில் பழையதே கிடந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகாதா என்றான். சரியான கேள்வி. கிரப் தொகுப்பை மறு அமைப்பு செய்யும் கட்டளையைக் கொடுத்தால், பொது இடத்திலும் நகல் வைக்கட்டுமா என்று அது கேட்கும். ஆம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பதில் நினைவில் வைக்கப்படும்; பிறகு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இரண்டு இடங்களும் சேர்ந்தே மாறும். அவனையே அதைச் செய்யச் சொன்னேன். விண்டோஸும் சேர்ந்திருக்கும் கணினியில் இதைச் செய்வதென்றால், பொது இடத்தில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் கோப்பை முதலில் வேறு பெயரில் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகள் அந்த இடத்தில் மறுபடி தன் கோப்பை எழுதிவிடக்கூடும் என்றும், அப்போது பென் டிரைவோடு உட்கார்ந்து இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவன் வகுப்பில் இதே மாதிரி மடிக்கணினி வைத்திருக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறானாம். அவனுடையதில் விண்டோஸ் இன்னும் இருக்கிறது என்றதால், முதலில் அவனுடைய பிட்லாக்கர் திறவுகோலைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டேன்.